நர்சிங் இரண்டாம் ஆண்டு: இப்போதே விடலாமா, முடித்துவிட்டு மாறலாமா?

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு முடியப்போகும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி அதிகம் வரும். "மேடம், இதை விட்டுட்டு நீட் எழுதட்டுமா?" நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள் என்பதால் ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருத்தி இதைக் கேட்டுக்கொண்டு வருவாள். சிலர் அப்பாவையும் கூட்டி வருவார்கள். பிசியோதெரபி, பி.டி.எஸ்., பி.ஃபார்ம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் இதே பேச்சு ஓடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நர்சிங்கில் இரண்டு வருடம் முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு மீதியையும் படித்து, நர்சிங் கவுன்சிலில் செவிலியராகப் பதிவு வாங்கிக்கொண்டு, அப்புறம் மாறுவதே நல்லது. ஆனால் இரண்டு வகையினருக்கு இது பொருந்தாது. அவர்கள் இப்போதே கிளம்புவதுதான் சரி. அவர்களைப் பிடித்துவைத்து "முடிச்சுட்டுப் போம்மா" என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. இப்போதே விட்டுவிட்டு ஒரு வருடம் நீட்டுக்குப் படிப்பது. படித்துக்கொண்டே நீட் எழுதுவது. நீட் இல்லாத வேறு துணை மருத்துவப் படிப்பில் முதலாண்டிலிருந்து சேருவது. நர்சிங்கை முடித்துவிட்டு மேல்படிப்பு வழியாகவோ நீட் வழியாகவோ மாறுவது. எது உங்களுக்கு என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்.

பிடிக்காதது எது?

ஒரே பேட்ச்சில் படித்த இரண்டு மாணவிகள் எனக்கு நன்றாக நினைவில் இருக்கிறார்கள். ஒருத்தி ஆண்கள் மெடிக்கல் வார்டு போஸ்டிங்கில் காலையில் டி.பி.ஆர். (உடல் வெப்பம், நாடி, மூச்சு அளவு) எடுத்து சார்ட்டில் ஏற்றிவிட்டு, ரவுண்ட்ஸ் வரும்வரை கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். வயிற்றில் நீர் கோத்து வந்த ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, "இது சிரோசிஸால வந்த நீருன்னு எப்படி முடிவு பண்ணாங்க? டி.பி.யா இருந்தாலும் இப்படி வருமே?" என்று கேட்டாள். கேர் பிளான் எழுதச் சொன்னால் நர்சிங் டயக்னோசிஸ் இரண்டு வரியில் முடிந்துவிடும். நோய் எப்படி வந்தது என்பது மட்டும் ஒரு பக்கம் ஓடும். அவளுக்கு வேண்டியது நோயைக் கண்டுபிடிக்கும் வேலை. அந்த ஆசை நர்சிங் வார்டில் முழுசாக நிறைவேறாது.

இன்னொருத்திக்கும் நீட் எழுத வேண்டும். ஏன் என்று உட்கார வைத்துக் கேட்டேன். வார்டு இன்சார்ஜ் நோயாளிகள் முன்னால் திட்டினார், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சித்தப்பா பையன் எம்.பி.பி.எஸ். படிக்கிறான், கல்யாண வீட்டில் "நர்ஸுக்கா படிக்கிறே?" என்று இழுத்துக் கேட்கிறார்கள். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பாட்டிக்கு அவள் படுக்கைப் புண் டிரெஸ்ஸிங் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம் என்பதை ஷிஃப்ட் மாறின பிறகும் ஞாபகம் வைத்திருப்பாள். பாட்டியின் மகள் இவள் எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவளுக்கு வேலையில் குறையில்லை, கிடைக்காதது மரியாதை.

மரியாதை சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். நர்சிங் படிக்கும் பெண்களை நம் ஊர் நடத்தும் விதம் மாற வேண்டும், அதில் எனக்குக் கோபமே உண்டு. ஆனால் அதற்காக எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போகிறவர்கள் ஒரு தடவை உங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஹவுஸ் சர்ஜன்களை, அதாவது எம்.பி.பி.எஸ். கடைசியில் ஒரு வருடம் பயிற்சியில் இருக்கிறவர்களை, பார்த்துவிட்டுப் போங்கள். ரத்தம் எடுப்பது, கதீட்டர் போடுவது, டிரெஸ்ஸிங், சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவது, நடு ராத்திரியில் மேல்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டரிடம் திட்டு வாங்குவது. அந்த வருடம் முழுக்க அவர்கள் செய்வதில் பாதி நீங்கள் இப்போது செய்வதுதான்.

இன்னொன்று, எந்தப் படிப்பில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து "பிடிக்கவில்லை" என்ற சொல்லின் எடை மாறும். பி.டி.எஸ்.ஸில் முதல் இரண்டு வருடமும் மெழுகில் பல் செதுக்குவது, லேபில் டெஞ்சர் (செயற்கைப் பல் செட்) செய்வது என்று போகும். மூன்றாம் ஆண்டில்தான் ஓ.பி.யில் நோயாளி வாயைத் திறப்பார். பிசியோதெரபியிலும் அனாட்டமி, பயோமெக்கானிக்ஸ், எலெக்ட்ரோதெரபி என்று புத்தகமாகவே போகும். நோயாளியோடு உருப்படியாக வேலை செய்வது பிற்பாடுதான். அங்கே இரண்டாம் ஆண்டில் ஒருவர் பிடிக்கவில்லை என்றால், அவருக்குப் பிடிக்காதது பாடம். தொழிலை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

நர்சிங் அப்படியில்லை. முதலாண்டிலேயே வார்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எனவே இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவி சொல்லும் "பிடிக்கவில்லை"யை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதே சமயம் இந்தியன் நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி இரண்டாம் ஆண்டு முழுக்க மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டுகள்தான். குழந்தைகள் வார்டு, மனநலம், கம்யூனிட்டி எல்லாம் மூன்றாம் ஆண்டில் வரும். பிரசவ வார்டு மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பாதியில்தான் தொடங்கும். மெடிக்கல் வார்டில் முகம் வாடிப் போய் நின்ற பெண், பச்சிளங்குழந்தை ஐ.சி.யு.வில் இன்குபேட்டர் பக்கத்தை விட்டு நகராமல் நின்றதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

முதல் வகை: உடம்பைத் தொடுவதே முடியாதவர்கள்

ஆரம்பத்தில் மயக்கம் வருவது, பெட்பேன் எடுத்த அன்று சாப்பிட முடியாமல் போவது எல்லோருக்கும் நடக்கும். அது சில மாதத்தில் சரியாகிவிடும். ஆனால் இரண்டு வருடம் கழித்தும் போஸ்டிங் என்றாலே முந்தின நாள் ராத்திரி தூக்கம் வராமல், வார்டு வாசலில் கை நடுங்கி நிற்கிறவர்கள் உண்டு. அவர்களை "பழகிடும்" என்று சொல்லி இன்னும் இரண்டு வருடம் இழுக்கக் கூடாது. அவர்களுக்கும் நல்லதில்லை, அவர்கள் கையில் படுத்திருக்கும் நோயாளிக்கும் நல்லதில்லை.

இவர்கள் செய்கிற தவறான மாற்றம் எம்.பி.பி.எஸ். அங்கேயும் இதே உடம்புதான், இன்னும் அதிகமாக. மெடிக்கல் லேப் டெக்னாலஜி என்றால் நோயாளி எதிரில் இருக்க மாட்டார், ஆனால் ரத்தமும் சளியும் மலமும்தான் மேஜையில் இருக்கும். கண் பரிசோதனைக்கான பி.ஆப்டம், பேச்சு-செவித்திறன் படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி., பி.ஃபார்ம் ஆகியவை இவர்களுக்குப் பொருந்தும். ஆப்டோமெட்ரி நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி 1985-லிருந்து இருக்கிறது. கண் மருத்துவமனைகள் நிறைய இருக்கும் ஊர் இது, வேலைக்கு வழியுண்டு. பேச்சுப் பயிற்சிக்கு வரும் குழந்தைகளோடு மணிக்கணக்காக உட்காரப் பொறுமை இருந்தால் பி.ஏ.எஸ்.எல்.பி. அருமையான தொழில். ஆள் தேவை அதிகம், படிக்கிறவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கவுன்சிலிங் நடந்துவந்திருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. 2021-இல் வந்த தேசியச் சட்டத்துக்குப் பிறகு பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, லேப் எல்லாம் ஒரே ஆணையத்தின் கீழ் வந்துவிட்டன. அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கசப்பான உண்மை ஒன்று: நர்சிங்கில் படித்த அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எதுவும் அங்கே கழித்துக்கொள்ளப்படாது. முதல் நாளிலிருந்து ஆரம்பம்தான். படித்ததைச் சுமந்துகொண்டு மேலே ஏறும் வசதி நம் நாட்டில் அவரவர் துறைக்குள் மட்டும் இருக்கிறது. டி.ஃபார்ம் முடித்தவர் பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு வருடத்தில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வாங்கலாம். துறை விட்டுத் துறை தாண்ட அப்படி ஒரு பாலம் கிடையாது.

இரண்டாம் வகை: நோயைக் கண்டுபிடிக்கத் துடிப்பவர்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு

முதலில் சொன்ன மாணவியின் விஷயத்துக்கு வருவோம். வயது 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே விட்டு, ஒரு வருடம் படித்து, அடுத்த வருடமே சீட் கிடைத்தால் எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். இருபத்தாறரை வயதில் டாக்டர். நர்சிங்கை முடித்துவிட்டு 22-இல் ஆரம்பித்து, ஒரு வருடம் படித்து, 23-இல் சேர்ந்தால் இருபத்தெட்டரை. வித்தியாசம் இரண்டே வருடம். நீட்டுக்கு மேல் வயது வரம்பு 2022-லேயே எடுக்கப்பட்டுவிட்டது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். எனவே வயது பயம் இங்கே கிடையாது.

இப்போது சீட் கிடைக்காத பக்கத்தைப் பாருங்கள். முன்னால் விட்டவள் 21 வயதில் பிளஸ் டூ சான்றிதழோடு நிற்பாள். முடித்தவள் 23 வயதில் பதிவு பெற்ற செவிலியர். அடுத்த மாதமே வேலைக்குப் போகலாம். வீட்டில் பேசும்போது பெற்றோர் "ரெண்டு வருஷம் வீணாப் போச்சே" என்று போன வருடங்களையே எண்ணுகிறார்கள். போனது எந்த வழியில் போனாலும் திரும்ப வராது. எண்ண வேண்டியது தோற்றால் கையில் என்ன இருக்கும் என்பதை.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் எல்லோரையும் முடிக்கச் சொல்ல வேண்டும். ஆனால் நான் பார்த்த வரையில், "முடிச்சுட்டு நீட் எழுதுறேன்" என்று போனவர்களில் பெரும்பாலோர் எழுதவே இல்லை. சிலருக்குத் தொழில் பிடித்துப்போனது, அது சந்தோஷம். மற்றவர்களுக்குச் சம்பளம் வர ஆரம்பித்ததும் தம்பி படிப்பு, கல்விக் கடன், கல்யாணம் என்று வீடு இழுத்துக்கொண்டது. பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் நான்கு வருடத்தில் அடியோடு மறந்திருக்கும். எனவே சீட் கிடைக்கும் தூரத்தில் உண்மையாகவே இருப்பவள் "அப்புறம்" என்று தள்ளிப் போடக் கூடாது. இப்போதே போக வேண்டும்.

சீட் கிடைக்கும் தூரம் என்றால் எது? நீட் "பாஸ்" ஆவது அல்ல. 2025-இல் 22 லட்சத்துக்கும் மேல் பதிவு செய்தார்கள். 12 லட்சத்துக்கும் மேல் தகுதி பெற்றார்கள். பொதுப் பிரிவில் 720-க்கு 144 எடுத்தாலே தகுதிதான். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடவும் முடியாது. 2024-இல் இறுதிப் பட்டியல்படி 17 பேர் 720-க்கு 720; அடுத்த வருடம் வினாத்தாள் கடினமானதும் முதலிடமே 686. உங்கள் பழைய மதிப்பெண் அந்த வருடத் தமிழ்நாட்டு ரேங்க் பட்டியலில் உங்கள் இனப் பிரிவில் எந்த இடத்தில் இருந்தது, கடைசி அரசு இடம் எந்த ரேங்க்கில் மூடியது என்று பாருங்கள். அந்த இடைவெளி சிறியதாக இருந்தால் ஒரு முயற்சிக்கு அர்த்தம் உண்டு. முந்தைய முயற்சியே தகுதி மதிப்பெண்ணைச் சுற்றித்தான் என்றால், நாமக்கல் பக்கம் ரெசிடென்ஷியல் கோச்சிங்கில் லட்சக்கணக்கில் கட்டி ஒரு வருடம் இருந்தாலும் அரசு இடத்தைத் தொடுவது மிகக் கடினம். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலே வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கு மேல் கல்விக் கட்டணம். நிர்வாக ஒதுக்கீடு அதைப்போல் பல மடங்கு.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவர்களுக்குக் கணக்கு வேறு. 2020-லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் போகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முந்தைய வருடங்களில் பிளஸ் டூ முடித்து மறுபடி நீட் எழுதியவர்களும் அதில் இடம் வாங்குகிறார்கள். வேண்டிய மதிப்பெண்ணும் கணிசமாகக் குறைவு. இந்தத் தகுதி இருந்து, நோயைக் கண்டுபிடிக்கும் ஆசையும் இருக்கிற பிள்ளையை நான் தடுக்கவே மாட்டேன். பல வீடுகளில் இந்த ஒதுக்கீடு பற்றிப் பாதி விவரம்தான் தெரிந்திருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிற மாணவிகள் பெரும்பாலும் இதற்கும் தகுதியானவர்களாகத்தான் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு படிப்பில் இருப்பவர்களைப் பற்றி விளக்கக் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வரி விடாமல் படியுங்கள்.

ஒரு முயற்சி என்றால் ஒரு முயற்சிதான். அதை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மூன்றாவது என்று போகும்போதுதான் பிள்ளைகள் உள்ளுக்குள் உடைகிறார்கள்.

படித்துக்கொண்டே எழுதுவது

கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் நர்சிங்கில் மிகக் கஷ்டம். தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல் போஸ்டிங் நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். கோச்சிங்குக்காக லீவு போட்ட ஒவ்வொரு நாளையும் விடுமுறையில் வார்டில் நின்று ஈடுகட்ட வேண்டும். காலை போஸ்டிங், மதியம் வகுப்பு, ராத்திரி கேஸ் புக் எழுதி முடித்த பிறகு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்க உட்காருகிறவர்கள் இரண்டிலும் பின்தங்குகிறார்கள். தன் நிலை என்ன என்று அளந்து பார்க்க ஒரு தடவை எழுதுவதென்றால் எழுதலாம், அவ்வளவுதான்.

முடித்துவிட்டு மாறுவது

மற்ற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன், அதுவும் தயக்கமில்லாமல். ஏனென்றால் நர்சிங் பட்டம் நம் மருத்துவப் படிப்புகளிலேயே அதிகக் கதவுகளைத் திறக்கும் ஒன்று, அதைப் படிக்கிறவர்களுக்கே அது தெரிவதில்லை.

படுக்கைப் பக்கத்திலேயே முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும் என்றால் கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருட ரெசிடென்சிப் படிப்பு இருக்கிறது. இந்தியாவில் அதற்கான பணியிடங்கள் இன்னும் பெருகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார்கள். என்கிளெக்ஸ் என்ற அந்நாட்டுச் செவிலியர் உரிமத் தேர்வை எழுதிப் போய், அங்கே முதுகலை முடித்தால் அந்த வழி உண்டு. பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வும் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும்; ஜெர்மனிக்கு மொழி கற்க வேண்டும்.

வார்டை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் பொது சுகாதாரம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் எம்.பி.எச். இருக்கிறது. நிர்வாகம் என்றால் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் மருத்துவமனை நிர்வாகப் படிப்பு. இவற்றில் வார்டு அனுபவம் உள்ளவர்கள் பேசும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், தரக் கட்டுப்பாடு என்று ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே நைட் ட்யூட்டி இல்லாத இடங்களும் இருக்கின்றன. உள்ளூர் தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். மாநில அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் தேர்வில் அரசு வேலைக்குப் போனாலும் முதலில் தொகுப்பூதியம்தான். அந்த முதல் இரண்டு மூன்று வருடங்களைத் தாங்கும் திட்டத்தோடு போக வேண்டும்.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பற்றி ஏஜென்ட்டுகள் இந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வருவார்கள். அதற்கும் நீட் தகுதி வேண்டும். 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அங்கேயே ஒரு வருடம் பயிற்சி, திரும்பி வந்து உரிமத் தேர்வு, மறுபடி இங்கே ஒரு வருடம் பயிற்சி. உரிமத் தேர்வில் தேறாதவர்களே அதிகம். நர்சிங்கைப் பாதியில் விட்டு, வீட்டை அடமானம் வைத்து இதற்குப் போக வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

கிளம்புகிறவர்கள் கவனிக்க

கல்விக் கடன் இருந்தால் முதலில் வங்கிக்குப் போங்கள். படிக்கும் காலமும் அதற்கப்புறம் ஒரு வருடமும் தவணை கிடையாது என்ற சலுகை, படிப்பவர்களுக்கானது. நிறுத்திவிட்டால் தவணை உடனே ஆரம்பிக்கலாம். முதல் பட்டதாரி சலுகையில் படித்தவர்கள் அது இன்னொரு படிப்புக்கு மறுபடி கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீதி வருடங்களின் கட்டணத்தையும் கட்டினால்தான் ஒரிஜினல் சான்றிதழ் தருவோம் என்று சில கல்லூரிகள் சொல்லும். சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் பலமுறை இதைச் சொல்லியிருக்கிறது. வாயால் கேட்காமல் பதிவுத் தபாலில் கேளுங்கள்.

நீட் எழுதுவதற்கு டி.சி. தேவையில்லை, இடம் கிடைத்துச் சேரும்போதுதான் தேவை. எனவே ஒரு வருட முயற்சிக்குக் கிளம்புகிறவர்கள் அவசரப்பட்டு டி.சி. வாங்கிவிடாதீர்கள். கல்லூரி முதல்வரிடம் இடைநிறுத்தம், அதாவது பிரேக் ஆஃப் ஸ்டடி, கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் உண்டு, திரும்பி வந்தால் ஜூனியர் பேட்ச்சோடு உட்கார வேண்டியிருக்கும். எத்தனை மாதத்துக்குள் திரும்ப வேண்டும், எந்த செமஸ்டரில் சேர்ப்பார்கள், ஏற்கெனவே முடித்த போஸ்டிங் கணக்கில் வருமா என்ற மூன்றையும் கல்லூரி லெட்டர்பேடில் எழுத்தாக வாங்கிய பிறகே ஹாஸ்டலைக் காலி செய்யுங்கள்.